சாலைக் கடை ஹெரால்டு: பழையபடி ஆக்குவதா, மாற்றுவதா?

போன ஓணத்துக்குச் சில வாரம் முன்னால் தம்பி திருவனந்தபுரத்திலிருந்து கூப்பிட்டான். இங்கே பர்மிங்ஹாமில் ஞாயிறு காலை, நான் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த நேரம்.

"அண்ணா, கடை பாகம் எழுதியாச்சு. பின்பக்கத்து ஷெட்டை ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் குடுக்கணும். வண்டிய என்ன செய்யணும்ணு சொல்லு."

வண்டி என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு வண்டிதான். 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, கே.எல்.டி. நம்பர். 1976ல் தாத்தா ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். ஒன்பதாயிரம் ரூபாய், சிட்டி பிடித்த பணம். அப்பா அதை 1998 வரை ஓட்டினார். அதற்கப்புறம் சாலையில் எங்கள் கடைக்குப் பின்னால் தகர ஷெட்டில் நிற்கிறது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. வண்டி இன்னும் நிற்கிறது.

தம்பியின் யோசனை இது: உள்ளே ஒரு மாருதி இன்ஜின், ஏசி, பவர் ஸ்டியரிங், புது சீட். வெளியே ஹெரால்டு, உள்ளே புது வண்டி. சித்தப்பாவின் யோசனை இன்னும் சுலபம்: ஆக்ரிக்காரன் பதினெட்டாயிரம் தருகிறான், கொடுத்துவிடு. என் ஆசை வேறு. இங்கே வருஷா வருஷம் பழைய கார்கள் கூடும் இடத்துக்குப் போய், கண்ணாடி மாதிரி மின்னும் டிரையம்ப் ஹெரால்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. 1969ல் வண்டலூர் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும்!

"நீ வருஷத்துக்கு ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போவே. வச்சு ஓட்டப் போறது நானில்லா?" என்றான் தம்பி. பதில் சொல்ல முடியவில்லை. நியாயம்தானே?

சரி, பழையபடி ஆக்கவேண்டும் என்றால் 'பழையபடி' என்பது எது என்று முதலில் தெரியவேண்டும் இல்லையா. அதற்காக உட்கார்ந்து படித்ததுதான் இந்தப் பதிவு. படிக்கப் படிக்க, நான் நினைத்த 'அசல்' கையை விட்டு நழுவிக்கொண்டே போனது.

முதலில் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம். தெரியாதவர்களுக்காக: சாலை என்றால் ரோடு இல்லைங்க, எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பெயரே அதுதான். மலையாளத்தில் சாலா. பழைய ஆட்கள் சாலைக் கம்போளம் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய சந்தை. கிழக்கே கோட்டையில் தொடங்கி ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது. அதற்கப்புறம் கரமனை, நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று போனால் நாகர்கோவில். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்த முழு வழியும் ஒரே ராஜ்யம், பிறகு ஒரே மாநிலம். அன்றைக்குக் கோடு போட்டுப் பிரித்தபோது எங்கள் தாத்தாவின் ஊரான கோட்டாறு தமிழ்நாட்டுக்குப் போனது, கடை கேரளத்தில் நின்றது. வியாபாரத்துக்குக் கோடு ஏது? தோவாளைப் பூவும் நாஞ்சில் நாட்டுச் சரக்கும் வந்துகொண்டேதான் இருந்தன. அந்தத் தெருவில் கடை வைத்துக்கொண்டே அதன் மனிதர்களைத் தமிழில் கதையாக்கியவர் ஆ. மாதவன். 2015ல் சாகித்ய அகாதமி விருது பெற்றார், 2021ல் மறைந்தார்.

எங்களுடையது பலசரக்கு மொத்தக் கடை. மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள். லாரி வரும் தெருவில் தாத்தாவுக்கு எதற்குக் கார் என்று நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். லாரி பெரிய சரக்குக்கு. அவசரத்துக்கு நான்கு மூட்டை, பாக்கி வசூல், கோட்டாற்றில் சாவு, கல்யாணம், இதற்கெல்லாம் ஒரு வண்டி வேண்டும். அம்பாசடர் விலை அதிகம், சந்துக்குள் திரும்பாது. ஃபியட்டுக்கு ஆள் போட்டி. ஹெரால்டை யாரும் சீந்தவில்லை, அதனால் விலை குறைவு. அதோடு, லண்டன் டாக்சி மாதிரி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஆரியசாலை முக்கில் மூட்டை வண்டிகளுக்கு நடுவே அப்பா ஒரே வெட்டில் திருப்புவதைப் பார்க்கச் சுமட்டுக்காரர்களே நின்றுவிடுவார்கள்.

இப்போது காருக்கு வருவோம்.

ஹெரால்டு பிறந்தது நான் இருக்கும் ஊருக்கு மிகப் பக்கத்தில், கவென்ட்ரியில். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் சேஸிஸும் பாடியும் ஒன்றாக வரும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனிச் சேஸிஸ் மேல் நின்றது. காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல, வியாபாரம். ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியைச் செய்து தர ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு ஒன்றாக முடுக்கினார்கள். கூரையைக் கழற்றினால் அதே வண்டி திறந்த கார். முன்பக்கத்து பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எங்கள் ஆசானும் அப்படித்தான் உட்கார்ந்து பீடி பிடித்தார்.

இந்தியாவுக்கு வருவோம். 1950களில் அரசாங்கம், இங்கேயே பாகங்கள் செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டது. பொருத்தி மட்டும் விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. கார்ச் சந்தை முக்கியமாக மூன்று பேர் கையில் வந்தது: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். வண்டலூர் தொழிற்சாலையில் முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961ல் ஹெரால்டு.

இங்கேதான் சுவாரசியம். இங்கிலாந்தில் ஹெரால்டின் இன்ஜினை 1961ல் 1147 சிசி ஆக்கினார்கள், 1967ல் 1296 சிசி. சென்னையில் அதே பழைய 948 சிசிதான். ஆனால் சென்னை வேறொன்றைச் செய்தது. இரண்டு கதவு வண்டியில் ஏறி இறங்க நம் பாட்டிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். 1968ல் வந்த மார்க் 3க்கு நான்கு கதவு வைத்தார்கள். டிரையம்ப் இங்கிலாந்தில் கடைசிவரை, அதாவது 1971 வரை, நான்கு கதவு ஹெரால்டு தயாரிக்கவே இல்லை. தனிச் சேஸிஸ், துண்டு துண்டான பாடி என்பதால்தான் இந்த வெட்டும் ஒட்டும் சாத்தியமானது. இங்கே கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் என் போனில் எங்கள் வண்டிப் படத்தைக் காட்டினேன். நான்கு கதவைப் பார்த்துவிட்டு, யாரோ வர்க்‌ஷாப்பில் மாற்றியது என்றுதான் அவர் நினைத்தார். கம்பெனியே செய்தது என்று நம்பவைக்க அரைமணி நேரம் ஆனது :-)

அதாவது நண்பர்களே, நான் 'அசல்' என்று சொல்லிக்கொண்டிருந்த வண்டியே இன்னொன்றின் மாற்றம். கவென்ட்ரி வண்டியைச் சென்னை மாற்றியது. 1972ல் கெஸல் என்ற பெயரில் முகத்தையும் மாற்றி, நம் ஆட்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்காத பின் அச்சையும் மாற்றியது. அது 1977 வரை ஓடியது. இங்கிலாந்தில் 1963ல் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், சென்னையில் அந்தப் பெயர் 1980களின் கடைசிவரை உயிரோடு இருந்தது. புலம்பெயர்ந்த இடத்தில் மொழியும் வழக்கமும் இப்படித்தான் சிலது மாறும், சிலது ஊரில் போனபிறகும் தங்கும். நமக்குத் தெரியாததா?

எல்லா மாற்றமும் நல்லதில்லை என்பதையும் இதே கம்பெனி காட்டியது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ரோவர் எஸ்டி1 என்ற அழகான பெரிய காரின் உடம்பு, உள்ளே வேன்கார்டு காலத்து வம்சத்தில் வந்த 2 லிட்டர் இன்ஜின். கனமான உடம்பு, வலுவில்லாத இன்ஜின், எட்டாத விலை. 1988ல் உற்பத்தி நின்றது. தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்: உடம்பு ஒன்று, உயிர் ஒன்று என்று வைத்தால் என்ன ஆகும் பார். "அவங்க பெரிய உடம்புல கிழட்டு இன்ஜின் வச்சாங்க. நான் சின்ன உடம்புல நல்ல இன்ஜின் வைக்கேன்" என்றான். பி.காம். நான், வாதம் அவனுக்கு வருகிறது.

டிசம்பரில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். ஷெட்டைத் திறந்தபோது வந்த வாசனை எலி, துரு, மிளகாய். இருபத்தேழு வருஷம் கழித்தும் மிளகாய்! கரமனையில் இருக்கும் ஆசானை அழைத்து வந்தோம். எழுபது தாண்டியவர், இந்த வண்டியை 80களிலிருந்து தெரிந்தவர். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சேஸிஸின் பின்பக்கம் துரு, ஆனால் வெட்டி ஒட்டலாம். பிரேக் எல்லாம் போச்சு. வயரிங் எலிக்கு. இன்ஜின் சுற்றுகிறது, அதனால் பிழைக்கும். டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து என் கனவுப்படி முழுசாகச் செய்ய நாலு லட்சத்துக்குக் குறையாது. செய்து முடித்த வண்டியை விற்றால் அதில் பாதி வருமா என்பதே சந்தேகம்.

அப்புறம் ஆசான் சொன்னது: "மோனே, பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடுதல் கிடக்கு. அதைக் கழற்றணுமா? நான்தான் வச்சது."

ஹெரால்டின் பின்பக்கம் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சும்மா போகும்போது ஒரு குறையும் இல்லை. நான்கு மிளகாய் மூட்டையும் இரண்டு ஆளும் ஏறினால் பின் சக்கரம் இரண்டும் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கும். அதற்காகக் கூடுதல் பட்டை. பின் சீட்டையும் எடுத்துவிட்டு அப்பா ஒரு பலகை போட்டிருந்தார். திருவிழா, கல்யாணம் என்றால் சீட் திரும்ப வரும். மேலே கேரியர். நானும் தம்பியும் அந்தப் பலகையில் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து தும்மிக்கொண்டே நாகர்கோவில் போயிருக்கிறோம்.

அம்மா பரணிலிருந்து அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். தொழில் புத்தி, நான் கார் செலவைத் தேடினேன். வீட்டுச் செலவில் இல்லை. கடைச் செலவில் இருந்தது, சுமட்டுக்கூலிக்கு அடுத்த வரியில். பட்டை கூட்டியது, ரேடியேட்டர் பற்றவைத்தது, ஒரு வருஷம் மூன்று தடவை கிளட்ச். நாங்கள் 'எங்க கார்' என்று பீற்றிக்கொண்டது அப்பாவின் புத்தகத்தில் கூலிக்காரன்!

காமர்ஸ் முதல் வருஷத்தில் ஒரு பாடம் வரும். பழுது பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது வருவாய்ச் செலவு. புதிதாகத் திறனைக் கூட்டினால் மூலதனச் செலவு. பரீட்சையில் சுலபமாகப் பிரித்து எழுதிவிட்டேன். அப்பாவின் பட்டை எதில் சேரும்? வண்டிக்கு அது மாற்றம். ஆனால் இன்று எங்களுக்கு அதுதான் பழைய நிலை. அதைக் கழற்றினால் 1969ஆம் வருஷத்து டாக்டரின் கார் கிடைக்கும். அப்பாவின் கார் போய்விடும்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. கோயிலையும் கோட்டையையும் புதுப்பிப்பவர்களுக்கு 1964லேயே வெனிஸ் சாசனம் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு விஷயம் எனக்குப் பயன்பட்டது. ஒன்று, ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பது நிற்கவேண்டும். இரண்டு, ஒரு கட்டடத்தில் எல்லாக் காலமும் சேர்த்ததற்கு மதிப்புண்டு. முதல் காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சுரண்டக்கூடாது. பழைய கார்களுக்கான உலக அமைப்பு ஃபீவா, இதே வழியில் 2013ல் டூரின் சாசனம் என்று கார்களுக்கும் ஒன்றை வெளியிட்டது. முடிந்தவரை குறைவாகக் கைவை, செய்ததை எழுதி வை என்பது அதன் சாரம்.

சட்டத்தையும் பார்க்கவேண்டி இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறித்ததோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி பெற்றுச் செய்யும் சில மாற்றங்களுக்கு வழி விட்டார்கள். ஆனால் நினைத்தபடி இன்னொரு கம்பெனி இன்ஜினைத் தூக்கி வைப்பது வில்லங்கம்தான். இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டி. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கவேண்டும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் தெருவில் இறக்கலாம். இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே மனசு. 40 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2018லிருந்து வருடாந்திர சோதனை வேண்டாம், ஆனால் கடைசி 30 வருஷத்தில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தச் சலுகை இல்லை.

ராஜாவின் காருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா கடைசிவரை வைத்திருந்த 1950களின் பென்ஸ் 180 எங்கள் ஊரில் பிரசித்தம். அதை மாற்றலாமா என்று யாராவது கேட்பார்களா? விலை உயர்ந்த பொருளுக்கு அதன் விலையே காவல். மலிவான வண்டிக்குத்தான் யாராவது உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஹெரால்டுகள் குறைந்துபோயின. 1977க்குப் பிறகு பாகம் வராமல், கண்ட இன்ஜினை வைத்து ஓட்டி, கடைசியில் ஆக்ரிக்குப் போயின. ஓட்டியவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது அருங்காட்சியகப் பொருள் இல்லை, பிழைப்பு.

முடிவு எடுத்த ராத்திரி நானும் தம்பியும் அம்மாவும் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். என் 1969 கனவை நான் விட்டேன். தொழிற்சாலை நிறம் என்னவென்று ஆசானுக்கும் தெரியவில்லை, ஆர்.சி.யிலும் இல்லை, ஊகத்தில் அடிப்பதில்லை. அப்பா அடித்த பச்சையே இருக்கட்டும். தம்பி மாருதி இன்ஜினை விட்டான், ஆனால் சும்மா விடவில்லை. "தினமும் ஓட்டாத வண்டிக்கு எதுக்குண்ணா நாலு லட்சம்? ரெண்டு லட்சத்துக்குள்ள முடி. மிச்சம் அம்மா பேர்ல போடு" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கேரியரை மட்டும் எடுக்காதே என்றாள்.

இப்படி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்:

உயிர் சம்பந்தப்பட்டதை எல்லாம் புதிதாக்குவது: பிரேக், டயர், வயரிங், பெட்ரோல் டேங்க், சேஸிஸ் துரு.

இன்ஜின் அதே 948. பிரித்துக் கட்டுவது.

அப்பா செய்த மாற்றங்கள், பட்டை, பலகை, கேரியர், அப்படியே. பின் சீட்டும் தைத்து வைக்கப்படும்.

தம்பி கேட்பதில், ஓட்டை போடாமல், வெட்டாமல், நாளைக்கே கழற்றி எடுக்கக்கூடியது மட்டும். இன்ஜின் சூட்டுக்கு எலக்ட்ரிக் ஃபேன் உண்டு, ஏசி கிடையாது. முன் சீட்டுக்கு பெல்ட் மட்டும் விதிவிலக்கு, அதற்கு ஓட்டை போட்டே ஆகவேண்டும்.

செய்வதை எல்லாம் ஒரு நோட்டில் தேதி, படம், செலவோடு எழுதுவது.

இப்போது வண்டி கரமனையில் ஆசானின் வர்க்‌ஷாப்பில், பாடி வேறு சேஸிஸ் வேறாக இருக்கிறது. பிரேக் சிலிண்டரும் கேஸ்கெட்டும் நான் இங்கிருந்து பெட்டியில் கொண்டுபோனேன். இங்கே இன்னும் புதிதாகவே கிடைக்கிறது. கவென்ட்ரி பக்கத்துச் சாமான் அறுபது வருஷம் கழித்தும் சாலைக்குப் போகிறது. செலவு இதுவரை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இரண்டு லட்சத்தில் நிற்காது என்று எனக்கு இப்போதே தெரியும், தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. ஆர்.சி. 1998க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை, அந்த வேலை தனியாக நடக்கிறது. கூடுதல் பட்டையைப் பார்த்து அதிகாரி என்ன சொல்வாரோ, அதுவும் ஒரு கவலை. கழற்றச் சொன்னால் கழற்றி ஷெட்டில் வைக்கவேண்டியதுதான். ஷெட்தான் இல்லையே!

உங்கள் ஊர் வீட்டிலும் ஒரு ஃபியட்டோ, லாம்ப்ரெட்டாவோ, புல்லட்டோ சாய்ந்து நிற்கும். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் யார்? இடமும் பணமும் எல்லோருக்கும் இருக்காது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தை நகல் எடுங்கள். வண்டியை நாலு பக்கமும் அடியிலும் படம் எடுங்கள். அதை ரிப்பேர் பார்த்த மெக்கானிக் உயிரோடு இருந்தால், ஒருமுறை அழைத்துவந்து பக்கத்தில் நின்று பேசவிடுங்கள். எங்கள் ஆசான் சொல்லியிராவிட்டால், அப்பாவின் அந்தப் பட்டையை நானே காசு கொடுத்துக் கழற்றி எறிந்திருப்பேன்.